பாதாளப் பறவையின் சொந்தக் குரல்

இடது பக்கத்து நாற்காலிக்காரர் மறுபடியும் திரும்பிப் பார்த்தார். இது மூன்றாவது தடவை. முதல் தடவை எழிலரசி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிவியூ தியேட்டர் இருட்டில் கழுத்து வலிக்கிறவர்கள் அப்படியும் இப்படியும் திரும்பத்தான் செய்வார்கள். இரண்டாவது தடவை அவர் கையிலிருந்த சின்ன டார்ச் ஒரு சொடுக்கு எரிந்து அணைந்தது. இந்தத் தடவை அவர் பார்த்தது அவள் முகத்தைக்கூட அல்ல, வாயை. அப்போதுதான் தன் உதடுகள் அசைந்துகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. திரையில் மேகலா என்கிற உளவாளிப் பெண், கொண்டைக்குள் டிரான்ஸ்மிட்டரை ஒளித்துக்கொண்டு, எதிரி கொடுக்கும் விருந்தில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அவள் எந்த வார்த்தைக்கு வாய் திறக்கிறாளோ அதே வார்த்தைக்கு இங்கே ஏழாவது வரிசையில் இவளும் வாய் திறந்துகொண்டிருக்கிறாள். சத்தம் வரவில்லை. வரவில்லைதானா? பதினோரு நாள் டப்பிங் தியேட்டரில் மேகலாவுக்குக் குரல் கொடுக்க, படத்தின் துண்டுகள் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் மேகலாவாக நடித்த ரோஷ்னியின் தோள் எழும்புவதைப் பார்த்து, அந்தத் தோளோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்து, மூச்சின் நுனியில் வசனத்தை வைத்துப் பழகிய உடம்பு இது. பணம் வாங்கியாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, சும்மா உட்கார் என்றால் கேட்குமா. உதட்டை மடித்துப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். திரையில் ரோஷ்னியின் தோள் எழுந்தது. இவளுக்கும் மூச்சு எழுந்தது, அதுவும் சத்தத்தோடு. பக்கத்தில் பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? படத்தைப் பற்றி எழுதுகிறார் என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் திரையில் அப்போது எழுதும்படி ஒன்றுமே நடக்கவில்லை, கதாநாயகன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

யாருக்கும் தெரியக் கூடாது என்று படக் கம்பெனி மானேஜர் சபாபதி சொன்னது கடைசி நாள், அவள் வெந்நீர் பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தபோது. அவருக்குக் கதாநாயகிகள் எல்லாருமே பாப்பாதான். "பாப்பா சொந்தக் குரல்ல பேசியிருக்குன்னு எழுதிக் குடுத்து அவார்டுக்கு அனுப்பறோம் எழில். டப்பிங்னு ஒரு பேச்சு வெளிய வந்துச்சுன்னா அவார்டும் போச்சு, கம்பெனி மானமும் போச்சு. அப்புறம் இந்த வாசல் மட்டும் இல்ல, எந்த வாசல்லயும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. படம் வெளிய வர்ற வரைக்கும் தியேட்டர் பக்கமே தலை காட்டாதே." தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதில் அவளுக்குப் பதினேழு வருஷ அனுபவம். எத்தனை பேருக்குப் பேசியிருக்கிறாள், ஒரு படத்திலாவது பெயர் போட்டிருக்கிறார்களா, இல்லை. அது பழகிவிட்டது. ஆனால் இதுவரை யாரும் அவள் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்ததில்லை. போன வாரம் ஒரு பத்திரிகையில் ரோஷ்னியின் பேட்டி: ஆறு மாதம் தமிழ் கற்றுக்கொண்டாராம், டப்பிங் தியேட்டரில் அழுதே விட்டாராம். அழுதது யார் என்று எழிலரசிக்குத் தெரியும், சவுண்ட் இன்ஜினீயர் தாமஸுக்குத் தெரியும். பேட்டியைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படி அலமாரியில் விரித்து, அதன்மேல் பருப்பு டப்பாவை வைத்தாள். அவ்வளவு கோபம்தான் அவளால் முடிந்தது. அப்படி இருக்கும்போது திங்கட்கிழமை வீட்டுக்குப் பாஸ் வருகிறது. 'பாதாளப் பறவை', பத்திரிகையாளர் காட்சி, பிற்பகல் இரண்டரை. வராதே என்றவர்களே வா என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சோதித்துப் பார்க்கிறார்களா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளா என்று? அல்லது ரோஷ்னியின் அம்மா வேலையா? அந்த அம்மாள் டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார், ஒரு நாள்கூட இவள் கண்ணைப் பார்த்ததில்லை. அல்லது தாமஸா? கடைசித் துண்டு முடிந்ததும் தாமஸ் வந்து, "பாவம்மா நீ" என்றார். பாவம் என்று சொல்கிறவர்கள்தான் நாலு பேரிடம் போய்ச் சொல்வார்கள். சரி, யார் அனுப்பினால் என்ன, இவள் ஏன் வந்தாள்? ஆசை. வேறு ஒன்றுமில்லை, வெட்கங்கெட்ட ஆசை. துண்டு துண்டாகப் பேசியதை முழுசாக ஒரு தடவை கேட்க வேண்டும். அதுவும் படம் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

வாசலில் பாஸை வாங்கிய ஆள் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக இந்த நாற்காலிக்குத்தான் கூட்டிவந்தான். எவ்வளவோ இடம் காலியாக இருந்தது. பக்கத்து ஆள் யார் என்று உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். கங்காதரன். வாரா வாரம் அவர் விமர்சனத்துக்கு மேல் தபால்தலை அளவில் அவர் போட்டோ வரும், அதே வழுக்கை, அதே தடித்த கண்ணாடி. காது கூர்மையான மனிதர் என்று பெயர். ஒரு படத்தில் கதாநாயகனின் அப்பாவுக்கு முதல் பாதியில் ஒருவரும் இரண்டாம் பாதியில் இன்னொருவரும் குரல் கொடுத்ததைக் கண்டுபிடித்து எழுதியவர். அந்தப் படத்தின் டப்பிங்கிலும் எழிலரசி இருந்தாள், கதாநாயகியின் தங்கைக்கு. அப்படிப்பட்டவருக்குப் பக்கத்திலா அவளை உட்கார வைப்பார்கள், தற்செயலாக? எழுந்து வேறு இடத்துக்குப் போகலாம். போனால் ஏன் போகிறாள் என்று தோன்றும். உட்கார்ந்திருந்தால் மூச்சு காட்டிக்கொடுக்கும். திரையில் மேகலாவுக்கும் அதே கஷ்டம், எதிரியின் மேஜையில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் இருக்கிறாள். ஆனால் மேகலாவைக் காப்பாற்றக் கதாநாயகன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து விழுந்தான். எழிலரசிக்கு விளக்குதான் வந்தது. இடைவேளை.

வெளியே போண்டாவும் காபியும். பத்திரிகைக்காரர்கள் கங்காதரனைச் சுற்றி வளையமாக நின்றுகொண்டார்கள். இது அவர்கள் வழக்கம், அவர் வாய் திறக்கும்வரை யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள், போண்டாவைப் பற்றிப் பேசுவார்கள். படக் கம்பெனி ஆட்கள் தூணோரம் நின்று, யார் சிரிக்கிறார், யார் வாட்ச் பார்க்கிறார் என்று நோட்டம் விடுவார்கள். உண்மையான உளவு வேலையெல்லாம் இங்கேதான் நடக்கிறது, திரையில் இருப்பது என்ன பெரிய உளவு என்று எழிலரசிக்குத் தோன்றியது, அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. கங்காதரன் காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "நீர்மூழ்கிக் கப்பலா அது? எங்க வீட்டு மொட்டை மாடித் தண்ணி டிரம்முக்குப் பெயின்ட் அடிச்சா இதைவிட நல்லா இருக்கும்" என்றார். அணை உடைந்தது. தினசரிக்காரர் ஒருவர், "ஹீரோ நடுராத்திரியில கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒளிஞ்சவனைத் தேடறாரு சார்" என்றார். இன்னொருவர், வில்லன் தன் திட்டத்தை ஒன்றுவிடாமல் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் செய்கிறான், அவனைப் பிடிக்க உளவாளி எதற்கு, வரிசையில் நின்று கேட்டாலே சொல்லிவிடுவானே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். படம் செத்தது என்று எழிலரசிக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை பத்திரிகைகளில் எல்லாம் இந்தத் தண்ணி டிரம் வரும். குரலைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசவில்லை என்பது நிம்மதியாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. எது அதிகம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கங்காதரன் வளையத்தை விட்டு அவளைப் பார்த்து வந்தார். "என்னம்மா, உங்களுக்குப் படம் எப்படி இருக்கு?" விமர்சகர் யாராவது இன்னொருத்தரிடம் படம் எப்படி இருக்கு என்று கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். இவளைப் பேச வைக்கப் பார்க்கிறார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு, அந்தக் காதுக்கு. எழிலரசி தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். "கட்டிக்கிச்சா? ரெண்டு மிளகை வாயில போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, போகாமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தூணுக்குப் பக்கத்திலிருந்து சபாபதி அப்போதுதான் அவளைக் கவனித்தார். வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளர் பாதியில் நின்றது. பிறகு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியானால் பாஸ் அனுப்பியது அவரில்லை. அவர் இல்லை என்றால் வேறு யார்? திருப்பிக்கொண்டதே நடிப்பாக இருந்தால்? இந்தத் தொழிலில் நடிக்கத் தெரியாதவர்கள் நடிகர்கள் மட்டும்தான்.

மறுபடி இருட்டு. கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் அழுத்திக்கொண்டாள், தொண்டை கட்டியவள் செய்கிற காரியம்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துணியில் சோப்பு வாசனை. மஸ்கட்டிலிருந்து கணவர் கண்ணபிரான் கடைசியாக அனுப்பிய பெட்டியில் வந்த சோப்பு, கரைந்து கரைந்து மூன்றாம் பிறை அளவுக்கு ஆகிவிட்டது, அதைத் துணிக்குப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். பெட்டி வந்து ஒன்றரை வருஷம். கடிதம் நின்று ஏழு மாதம். வேலை அதிகம் என்று முதலில் நினைத்தாள், பிறகு உடம்பு சரியில்லை என்று நினைத்தாள், இப்போது நினைப்பதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. வாடகை, அரிசி, மருந்து எல்லாம் இந்தத் தொண்டையிலிருந்துதான் வருகிறது. இந்தக் கம்பெனி கதவைச் சாத்தினால் மற்றவர்களும் சாத்துவார்கள், வாய் காக்காதவள் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் டப்பிங்காரிக்கு அப்புறம் என்ன இருக்கிறது. அதனால் மூச்சைக்கூடக் கணக்காக விட்டாள். திரையில் தண்ணி டிரம் மூழ்கத் தொடங்கியது. இந்த இடம். அவளுக்குத் தெரியும் இந்த இடம், தெரிந்துதான் வந்தாள். மேகலா உள்ளே மாட்டிக்கொண்டு, முழங்கால்வரை தண்ணீரில் நின்று, வயர்லெஸ்ஸில் கடைசியாகக் கதாநாயகனிடம் பேசுகிறாள். எதிரி வெளியே நிற்கிறான், உரக்கப் பேச முடியாது. டப்பிங்கில் டைரக்டர் எட்டுத் தடவை வேண்டாம் என்றார். அழாதேங்கறேன், ஆனா அழுகை இருக்கணும் என்றார். ஒன்பதாவது தடவைக்கு முன்னால் எழிலரசி கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் மவுண்ட் ரோடு தபாலாபீஸ் டிரங்க் கால் கூண்டுக்குள் போய் நின்றுகொண்டாள். மூன்று நிமிஷத்துக்குத்தான் பணம் கட்டியிருந்தாள். மஸ்கட்டில் யாரோ போனை எடுத்து, கண்ணபிரானைக் கூப்பிடப் போயிருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே வரிசை, எல்லாரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள், அழக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. இரண்டு நிமிஷம் போய்விட்டது. பிறகு அவர் வந்தார், வந்து பேசாமல் நின்றார், கம்பிக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். அன்றைக்கு அவள் பேசிய பேச்சைத்தான் மேகலாவின் வாய்க்குப் பொருத்திக் கொடுத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தாமஸ் கையை உயர்த்தியது, ஓகே என்று டைரக்டர் சொல்லாமல் எழுந்து வெளியே போனது எல்லாம் இப்போது திரும்ப வந்தது, அவற்றுக்கு மேலே அந்தக் குரல் தியேட்டர் முழுக்க வந்து நின்றது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருத்தி நிஜமாகவே தண்ணீருக்குள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. விமர்சகரின் பேனா நின்றால் படம் பிடித்துவிட்டது என்பார்கள், அல்லது தூங்கிவிட்டார் என்பார்கள். ஓரக்கண்ணால் பார்த்தாள். கங்காதரன் தூங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். கைக்குட்டை எப்போது மடியில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்தாள். கண்டுபிடித்துவிட்டார். பயமாக இருந்தது. கூடவே, இதை நினைத்துப் பிறகு அவள் வெட்கப்பட்டாள், ஒரு சந்தோஷமும் வந்து எட்டிப் பார்த்தது.

விளக்கு வந்ததும் எழுந்து வேகமாக நடந்தாள். வாசல் படியில் சபாபதி குறுக்கே வந்து நின்றார், சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "நீ எங்க இங்க?" அவள் பாஸை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆள் குறைச்சலா இருக்கும், ரொப்புங்கடான்னு சொன்னேன். ஆபீஸ்ல லிஸ்ட்டுல இருக்கற பேருக்கெல்லாம் அனுப்பிட்டானுங்க, முட்டாப் பசங்க." அவ்வளவுதானா. மூன்று நாளாகத் தூக்கத்தைக் கெடுத்தது இவ்வளவுதானா. "போ, போ, யாருகிட்டயும் பேசிட்டு நிக்காதே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கங்காதரனும் அவருக்குப் பின்னால் அந்த வளையமும் படிக்கு வந்துவிட்டார்கள். அவர் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். "படம் குப்பை. அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா அந்த வயர்லெஸ் சீன் இருக்கு பாருங்க, நான் அப்படியே உக்காந்துட்டேன். சொந்தக் குரல்ல பேசினாத்தான் அது வரும். டப்பிங்காரங்க ஆயிரம் பேர் வந்தாலும் அந்த உயிர் வராது. அந்தப் படத்துல உண்மையான விஷயம் அது ஒண்ணுதான், நான் அதைத்தான் எழுதப் போறேன்." தினசரிக்காரர் உடனே, தானும் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னார். மற்றவர்களும் நினைத்திருந்தார்கள். சபாபதியின் முகம் மலர்ந்தது. எழிலரசிக்குக் காது இரைந்தது. கங்காதரன் அவளைப் பார்த்து நின்றார். "உங்களைத்தான் தேடினேன். படம் ஓடறப்ப அந்தப் பொண்ணோட சேர்ந்து வாயசைச்சுக்கிட்டே இருந்தீங்க. ஒரு எழுத்து பிசகல. யாரு நீங்க?" சபாபதி கண் இமைக்கும் நேரத்தில் நடுவில் புகுந்தார். "பாப்பாவுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த டீச்சர் சார். ஆறு மாசமா அவங்கதான் கூடவே இருந்து சொல்லிக் குடுத்தாங்க. பாவம், அதுலதான் தொண்டையே போச்சு." எவ்வளவு சரளமாக வருகிறது பொய், இந்த மனிதர் வசனம் எழுதியிருந்தால் படம் பிழைத்திருக்கும். "அப்படிச் சொல்லுங்க" என்றார் கங்காதரன், நிஜமாகவே மகிழ்ந்து. "அதான் பாத்தேன். உங்களைப் பத்தியும் ரெண்டு வரி போடணும். பேரு சொல்லுங்கம்மா." நோட்டைத் திறந்துகொண்டார். பதினேழு வருஷத்தில் அவள் பெயரைக் கேட்டு ஒருவர் நோட்டைத் திறந்தது இதுதான் முதல் தடவை. சபாபதி சிரித்தார். "எதுக்கு சார் பேரெல்லாம், டீச்சர்னு போட்டா போதும்."

அது ஒன்றும் பெரிய வார்த்தையில்லை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடுகூடச் சொல்லவில்லை. ஆனால் எழிலரசிக்கு உள்ளே எதுவோ அறுந்தது, வாடகையும் அரிசியும் அடுத்த படமும் எங்கோ போய்விட்டன. போனால் போகட்டும், எல்லா வாசலும் சாத்தட்டும், இந்த ஒரு மனுஷனுக்காவது தெரியட்டும். படியில் நின்றபடியே கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். பிறகு மேகலா தண்ணீருக்குள் நின்று பேசியதை அப்படியே, அதே தாழ்ந்த குரலில், அதே இடத்தில் உடைந்து, அதே இடத்தில் விழுங்கிக்கொண்டு சொன்னாள். "நான்தான். நான் பேசறது கேக்குதா? ஒண்ணும் சொல்ல வேணாம். கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். வச்சிடறேன்." கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது சபாபதியின் முகம், அதில் ரத்தமே இல்லை. கங்காதரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்புறம் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்பட்டென்று கை தட்டினார். "அடடா. அப்படியே அந்தப் பொண்ணு மாதிரியே பேசறீங்களேம்மா. நல்ல மிமிக்ரி." வளையம் முழுக்கச் சிரித்துத் தட்டியது. சபாபதிக்கு மூச்சு திரும்பி வந்து, அவரும் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். கங்காதரன் இரண்டு படி இறங்கினார், எதையோ யோசித்து நின்றார், ஒரு நல்ல வாத்தியாரம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்கிற அக்கறையோடு திரும்பினார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கடைசியில கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டீங்க. அந்தப் பொண்ணு இதைவிட இயல்பா சொல்லுச்சு."

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.